நான் போடாத மலைப்பாதை

என் வாழ்நாளில் ஒரேயொரு முறை ஒரு மண்டபம் முழுவதும் எனக்காகக் கைதட்டியது. நான் செய்யாத வேலைக்காகத் தட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நான் எழுந்து நின்று கும்பிட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது நடந்தது கனடாவில், மொன்றியலில், இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்களுக்குப் பிறகு. நானும் மனைவியும் லாசாலில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். பக்கத்தில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து நான் ஓய்வு பெற்றிருந்தேன். எங்கள் ஒரே மகள் மணமாகி, ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் இருந்தாள். மருந்துக்கடையில் வேலை. நாளுக்கு ஒருமுறை தொலைபேசியில் தாயின் சீனி அளவைக் கேட்டுத் திட்டுவாள்.

திட்டுவதற்குக் காரணம் வெள்ளிக்கிழமை. என் மனைவி வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் விளக்கேற்றும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்கமாட்டாள். நீரிழிவு வந்து, குளிசை தொடங்கிய பிறகும் விடவில்லை. காலையில் குளிசையை மட்டும் விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு இருப்பாள். இரண்டு முறை குசினியில் அடுப்புக்கு முன்னால் தலை சுற்றி விழப் பார்த்தாள். வைத்தியர் சொன்னார், மகள் அழுதாள். மனைவியிடம் ஒரே பதில்தான்.

“அது என்ரை விரதமில்லை. உங்கடை அப்பாவின்ரை உயிருக்கு வைச்ச நேர்த்தி. அதை நிப்பாட்ட நான் ஆர்?”

அந்த நேர்த்தியின் அடியில் கிடந்தது என் பொய். இருபது வருடத்துக்கு மேலாக அது என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. அவள் உடம்பு நன்றாக இருந்தவரை உறுத்தலைத் தாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை விரதம் நல்லதுதானே, பாதி ஊர் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். குளிசை வந்த பிறகு அந்தச் சமாதானம் செல்லுபடியாகவில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

எங்கள் ஊர் யாழ்ப்பாணம். அங்கே மலை கிடையாது. கீரிமலை என்று பெயர் உண்டு. போய்ப் பார்த்தால் கேணியும் கடலும்தான். நான் வேலை செய்துகொண்டே வெளிவாரியாகப் புவியியல் படித்துப் பட்டம் பெற்று, ஊரில் அதையே படிப்பித்தவன். மடிப்பு மலை, பிளவுப் பள்ளத்தாக்கு, எரிமலை எல்லாவற்றையும் சோக்கட்டியால் கரும்பலகையில் கீறிக் காட்டினேன். மலைநாட்டுக்கு ஒரு கலியாணத்துக்காகப் போனபோது மழையும் பனிப்புகாரும் மூடியிருந்தன. மலையின் பச்சைத் தோலைக் கண்டேன், எலும்பைக் காணவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஐம்பதை நெருங்கும் வயதில், ஓமானுக்குப் போனேன். கட்டத் தொடங்கிய வீடு கூரையில்லாமல் நின்றது. “எல்லாரும் வெளிக்கிட்டுப் போகினம். நீங்கள் சோக்கட்டியோடை நில்லுங்கோ,” என்று மனைவி சொன்ன அன்றே கடவுச்சீட்டுக்கு எழுதிப் போட்டேன். மஸ்கற்றில் வீதி போடும் ஒரு கம்பனியின் வரைபடப் பிரிவில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் வெயிலில் நின்று அளந்துகொண்டு வருவதைக் குளிரூட்டிய அறையில் இருந்து தாளில் கோடாக்குவதுதான் என் வேலை. வீதி எதிலும் ஒரு கல்லைக்கூட நான் வைத்ததில்லை.

இரண்டாம் வருடம் பெருநாள் விடுமுறைக்குக் கம்பனி நான்கு நாள் மூடியது. என்னோடு வேலை செய்த இரண்டு மலையாளிகள் ஜீப் ஒன்றை இரவல் வாங்கி, “சாரே, மலை காணான் போகாம்,” என்று மலை பார்க்கக் கூப்பிட்டார்கள். போனேன்.

அந்தப் பயணத்தைப் பற்றி உண்மையாக எழுதுவது இதுதான் முதல் தடவை. மஸ்கற்றை விட்டு உள்நாட்டுக்குத் திரும்பியதும் கறுத்த குன்றுகள் வரிசையாக வந்தன. ஒரு புல் இல்லை. தார்ச் சட்டியைக் கவிழ்த்தது போன்ற கறுப்பு. ஒரு காலத்தில் ஆழ்கடலின் அடியில் கிடந்த பாறை அது. நிலத்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கியபோது கீழே போகவேண்டியது மேலே ஏறி, இப்போது வெயிலில் காய்கிறது. கடலின் அடித்தளத்தில் கால் நனையாமல் நடக்கலாம். நான் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தேன். மலையாளிகள் எனக்கு மூத்திரம் வந்துவிட்டது என்று நினைத்து மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிஸ்வா நகரத்துக்கு அப்பால் மண்பாதையில் ஏறி, உச்சிக்குக் கிட்டப் போனோம். அங்கே நிலம் திடீரென்று முடிந்துவிடுகிறது. விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தேன். சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்காக, நான் கரும்பலகையில் கீறிய அதே கோடுகள், யாரோ கோடு போடும் பெரிய அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல. அடியில் நூல் போல ஒரு காய்ந்த ஆறு. நான் படுத்திருந்த பாறையில், கைக்கெட்டும் தூரத்தில், உடைந்து கிடந்த கல் ஒன்றில் சிப்பி ஒன்று பதிந்திருந்தது. கடலுக்கு மேலே அவ்வளவு உயரத்தில் சிப்பி. வகுப்பில் இத்தனை காலமாகச் சொன்னதெல்லாம் உண்மைதான் என்று எனக்கே அப்போதுதான் நம்பிக்கை வந்தது. கல்லை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். இரவு அங்கேயே பாய் விரித்துப் படுத்தோம். பனிக்கட்டிப் பெட்டியில் சோடாவும் பொரித்த கோழியும் இருந்தன.

மூன்றாம் நாள் காலை மஸ்கற் திரும்பினோம். என் அறை இருந்த தெருவைத் தாண்டித்தான் வந்தோம். “இறங்குகிறீர்களா, இல்லை கடற்கரைப் பக்கமும் பார்ப்போமா?” என்று கேட்டார்கள். நான் இறங்கவில்லை.

கடற்கரைப் பாதையில் வெகுதூரம் போனால், நிலம் உள்ளே விழுந்து ஒரு பெருங்குழி. அடியில் பச்சைநீலத் தண்ணீர். நட்சத்திரம் விழுந்த குழி என்று அந்த ஊரார் சொன்னார்கள். எனக்கு அது நிலாவரைக் கிணறு. எங்கள் ஊர் நிலாவரையும் சுண்ணாம்புக்கல் கரைந்து கூரை இடிந்து உண்டானதுதான். அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்து வரும் என்று சிறு வயதில் கேட்டதை மலையாளிகளுக்குச் சொன்னேன். அவர்கள் பெட்டியில் இருந்த எலுமிச்சம்பழத்தைக் குழிக்குள் போட்டுவிட்டு, கடற்கரையில் போய் நின்று, வருகிறதா என்று பார்த்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஏறத்தாழ அதே நேரம் ஊரில் என் மனைவியின் தகப்பனாரைக் காடாற்றி, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

தந்தி என் அறைக் கதவின் கீழ் கிடந்தது. நான் புறப்பட்ட அன்றே வந்திருக்கிறது. மனைவிக்குச் சகோதரர்கள் இல்லை. மூத்த மருமகன் நான். மாமா என்னை மகனாகவே வைத்திருந்தவர். உடனே புறப்பட்டிருந்தாலும் கொள்ளி வைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாமல் இருந்திருக்கலாம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்காவது போயிருக்கலாம். நான் விடுமுறை கேட்கவே இல்லை. கோழி தின்று சிரித்துவிட்டு வந்த முகத்தோடு அந்த முற்றத்தில் போய் நிற்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருந்தவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்புவது வழக்கம். நானும் பேசி அனுப்பினேன். கம்பனி மலைப்பாதை வேலைக்கு அனுப்பியது, காட்டாறு பெருகி வழி அடைபட்டது, தண்ணீர் இல்லாமல் குகைக்குள் கிடந்தோம், அதனால் தந்தி கிடைக்கவில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே குரல் தழுதழுத்தது. அது பொய்க்கு வந்த அழுகையா, மாமாவுக்கு வந்த அழுகையா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இனியும் அந்த மலைக்குத்தான் அனுப்புவார்கள் போலிருக்கிறது என்றும் சேர்த்தேன். அது தேவையே இல்லாத பொய். தொடங்கியதும் வாய் நிற்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் ஊர் கூடியிருக்க, அந்தக் கசெற்றைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் எனக்காக அழுதார்களாம். மனைவி அன்றே முருகனுக்கு நேர்ந்தாள். என்னை இனி அந்த மலைக்கு அனுப்பாமல் விட்டால் உயிர் உள்ளவரை வெள்ளிக்கிழமை பட்டினி இருப்பதாக. “மலை எல்லாம் அவரின்ரை சொத்து. அரபு நாட்டு மலையெண்டால் என்ன?” என்பது அவள் கணக்கு. அடுத்த கசெற்றில் நான், இனி என்னை மலைக்கு அனுப்பமாட்டார்களாம் என்று சொன்னேன். முருகன் கேட்டுவிட்டார்.

விடுமுறையில் போனபோது பெட்டியில் இருந்த சிப்பிக் கல்லைக் கண்டு, “இது என்ன?” என்று கேட்டாள். குகையில் தலைமாட்டில் இருந்த கல் என்றேன். அவள் அதைக் கழுவிச் சாமித்தட்டில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் பூசினாள். சண்டைக் காலத்தில் வீட்டை விட்டு ஓடியபோது நகை சிலதை மறந்தாள், கல்லை மறக்கவில்லை. அது எங்களோடு மொன்றியல் வந்தது. வெள்ளிதோறும் சந்தனம் ஏறி ஏறி, சிப்பி இருந்த இடம் மூடி, கொழுக்கட்டைபோல ஆகிவிட்டது.

இந்த நகரத்தின் நடுவில் ஒரு சிறு மலை இருக்கிறது. ஊர்க்காரர் அதை மலை என்று பெருமையாகச் சொல்வார்கள். பஸ்ஸிலேயே ஏறலாம். மகள் சின்னவளாக இருந்தபோது அங்கே போகக் கேட்டால், “அப்பா மலையிலை பட்டது காணும். அவருக்குப் பழையது ஞாபகம் வரும்,” என்று தாய் மறித்துவிடுவாள். மலைக்காக உயிரை விடும் நான், இத்தனை வருடம் ஒரு மலையைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஏறாமல் இருந்தேன். அந்தத் தண்டனை எனக்குப் போதாது என்பதும் தெரியும்.

இனி அந்தக் கைதட்டலுக்கு வருகிறேன்.

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு மார்ச் மாதம். எங்கள் பகுதி நூலக மண்டபத்தில் முதியவர்களுக்காக மத்தியானங்களில் பயணப் படம் காட்டுவார்கள். தூர தேசம் போய் வந்த ஒருவர் படங்களைத் திரையில் விட்டுப் பிரெஞ்சில் கதை சொல்வார். கிழவர் கிழவிகள் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். மகள் அறிவித்தலைக் கண்டுவிட்டு வந்தாள்.

“அப்பா, உங்கடை ஓமான்! பாலைவனத்து மலைகளாம், குகைகளாம். நான் அரைநாள் லீவு போட்டிட்டன்.”

“எனக்கு முழங்கால் நோகுது பிள்ளை.”

“நான் வாறன்,” என்றாள் மனைவி. “இவரை வதைச்ச மலையை நான் ஒருக்காக் கண்ணாலை பாக்கவேணும்.”

அன்று வெள்ளிக்கிழமை.

பேசியவர் என் வயதுக்காரர். வெள்ளைத் தாடி, அந்தக் குளிரிலும் காலுறை மேல் செருப்பு. விளக்கை அணைத்ததும் திரையில் அந்தக் கறுத்த குன்றுகள் வந்தன. எவ்வளவு காலத்துக்குப் பிறகு! மகள் காதோடு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். “இது முந்திக் கடலுக்கு அடியிலை இருந்ததாம் அம்மா.” எனக்கு அவளைவிட நன்றாகச் சொல்லத் தெரியும்.

பிறகு அந்தப் பெரும் பள்ளம் வந்தது. விளிம்பில் உல்லாசப் பயணிகள் குட்டைக் காற்சட்டையோடு கோப்பி குடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“இதுவோ?” என்று மனைவி என் கையைப் பிடித்தாள்.

“ஓம்.”

“இவை சிரிக்கினம்.”

“இப்ப எல்லாரும் பாக்கப் போற இடமாம் அம்மா,” என்றாள் மகள். “ஹொட்டேல் எல்லாம் இருக்காம்.”

அடுத்த படத்தில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் தார்வீதி. மனைவி நிமிர்ந்து இருந்தாள். “பிள்ளை, பார். அப்பா போட்ட றோட்டு. இவர் தாகத்திலை கிடந்து போட்ட றோட்டிலைதான் உவை ஏறிப்போய்க் கோப்பி குடிக்கினம்.”

படம் முடிந்து விளக்கு வந்தது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் தாடிக்காரர். மனைவி மகளை முழங்கையால் இடித்தாள்.

“எழும்பிச் சொல்லு.”

“அம்மா, வெக்கமா இருக்கு.”

“என்ன வெக்கம்? அப்பா களவெடுத்தவரோ? சொல்லு!”

மகள் எழுந்து பிரெஞ்சில் சொன்னாள். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. ‘என் அப்பா’, ‘வீதி’, ‘குகை’, ‘தண்ணீர் இல்லாமல்’ என்பன புரிந்தன. தாடிக்காரர் இரண்டு கையையும் விரித்து, “ப்ராவோ, முஸ்யே!” என்றார். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி எழுந்து வந்து என் கையைப் பிடித்து, “மெர்சி, மெர்சி” என்று நன்றி சொன்னாள். நான் கும்பிட்டேன். என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். கலியாணப் படத்தில்கூட அவள் அப்படி இருந்ததில்லை.

வெளியே பஸ் தரிப்பில் நின்றபோது அவளுக்கு வேர்க்கத் தொடங்கியது. எங்கள் வாயில் புகை வரும் குளிர். அவள் நெற்றியில் வேர்வை. மகளைத் தன் தங்கச்சியின் பெயரால் கூப்பிட்டாள். “மாட்டுக்குத் தண்ணி வைச்சியோ?” என்று கேட்டாள். பிறகு பாதையோரப் பனிக்குவியலில், நாற்காலியில் அமர்வதுபோல, மெல்ல உட்கார்ந்து சாய்ந்துவிட்டாள்.

அம்புலன்ஸ் வந்தது. அதற்குள்ளேயே கையில் ஊசி வழியாகச் சீனித் தண்ணீர் ஏற்றினார்கள். வைத்தியசாலை அவசரப் பிரிவில் திரைச்சீலை மறைத்த ஒரு கட்டிலில் கண்விழித்து, “இப்ப என்ன நேரம்? விளக்கேத்தியாச்சோ?” என்றாள்.

இன்னும் பொழுதுபடவில்லை. தாதி ஒரு தட்டில் தோடம்பழ யூசும் பிஸ்கட்டும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். குளிசை இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறது, ஏற்றிய சீனி மறுபடி இறங்கும், சாப்பிட்டே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் யூசை வாய்க்கருகில் கொண்டுபோனாள். மனைவி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். சின்னப் பிள்ளை மருந்துக்கு மூடுவதுபோல.

“அம்மா, நான் உங்களைக் கும்பிடுறன்.”

“பொழுதுபடட்டும். இவ்வளவு காலமும் காத்தவர் இன்னும் ரெண்டு மணித்தியாலம் காக்கமாட்டாரோ? இண்டைக்கு அந்த மலையைக் கண்ணாலை பாத்திட்டு வந்து, இண்டைக்கே முறிக்கச் சொல்லுறியோ?”

மகள் என்னைப் பார்த்தாள். “அப்பா, நீங்களாவது சொல்லுங்கோவன்!”

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அழகாகச் சொல்ல ஒன்றும் வரவில்லை.

“இஞ்சேரும். என்னை ஒருத்தரும் மலைக்கு அனுப்பேல்லை. நான் றோட்டுப் போடேல்லை. பெருநாள் லீவிலை சிநேகிதரோடை சுத்திப் பாக்கப் போனனான். உம்மடை அப்பா செத்த தந்தி வந்து கிடக்க, நான் மலை பாத்துக்கொண்டு நிண்டனான். கசெற்றிலை சொன்னது முழுக்கப் பொய்.”

திரைச்சீலைக்கு அப்பால் யாரோ இருமினார்கள். மகளின் கையில் யூஸ் அப்படியே நின்றது. மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சீனி குறைந்து விளங்காமல் பார்க்கிறாளோ என்று பயந்தேன். விளங்கித்தான் இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“வெள்ளம்?”

“வழியிலை ஒரு ஓடையிலை கணுக்கால் அளவு. காலை நனைச்சு விளையாடினனாங்கள்.”

“குகை?”

“வெளியிலை பாய் விரிச்சுப் படுத்தனாங்கள்.”

“தண்ணியில்லாமல் நாக்கு ஒட்டினது?”

“பெட்டி நிறையச் சோடா. பொரிச்ச கோழியும்.”

“கோழியோ?” அவள் குரல் எழும்பியது. பிறகு அடங்கியது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. நான் எதிர்பார்த்தது வசவு. அவள் கேட்டது வேறு.

“அப்ப உங்களை ஒருத்தரும் வதைக்கேல்லையோ?”

“இல்லை.”

“நீங்கள் அங்கை சந்தோசமாவோ இருந்தனீங்கள்?”

“அந்த நாலு நாளும் ஓம். என்ரை சீவியத்திலை அப்பிடி இருந்ததில்லை.”

“என்ரை முருகா,” என்று பெருமூச்சு விட்டாள். “நான்தானே உங்களைச் சோக்கட்டியோடை நில்லுங்கோ எண்டு நக்கலடிச்சுத் துரத்தினனான். படிச்ச மனுசனைக் கொண்டுபோய் வெயிலிலை கல்லுடைக்க விட்டிட்டன், என்ரை வாயாலை மலையிலை சாகக் கிடந்தவர் எண்டு... ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைத்தானே நினைச்சுக்கொண்டு கிடந்தனான். உங்களிட்டைச் சொல்லேல்லை.”

எனக்கு அது தெரியாது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். விரதத்துக்குள் அவள் பக்தியை மட்டும் கண்டேன்; அதற்குள் இருந்த குற்ற உணர்ச்சியைக் காணவில்லை. அதையும் நான்தான் அவளுக்குக் கொடுத்திருந்தேன்.

“உமக்குக் கோவமில்லையோ?” என்று கேட்டேன். மடத்தனமான கேள்வி.

அவள் தலையைத் திருப்பினாள். பழைய கண் வந்துவிட்டது. “என்ரை அப்பாவின்ரை செத்தவீட்டுக்கு வராமல் கோழி திண்டவரோடை கோவமில்லாமல்? அதை நாங்கள் பேந்து கதைப்பம். இப்ப அந்த யூசைத் தாங்கோ.”

ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு பிஸ்கட்டைக் கேட்டாள். பாலாடைக்கட்டியை மணந்து பார்த்து, “இது என்ன சவுக்காரமோ?” என்றுவிட்டு அதையும் சாப்பிட்டாள். கதிரையில் உட்கார்ந்தேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதா என்று கேட்டால், அப்போது எனக்கு அவள் மெல்லும் தாடை மட்டுந்தான் தெரிந்தது.

மகள்தான் முதலில் பேசினாள். “அப்பா, நான் ஸ்கூலிலை உங்களைப் பற்றிப் பிரெஞ்சிலை கட்டுரை எழுதி முதற்பரிசு வாங்கினனான். ‘மலைக்குள் அடைபட்ட என் அப்பா’.”

“கட்டுரை நல்லாத்தானே இருந்திருக்கும்,” என்றாள் மனைவி, வாய் நிறையப் பிஸ்கட்டோடு.

அவள் சொன்ன ‘பேந்து’ வரத்தான் செய்தது. வீடு வந்த பிறகு ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைக்கும்போது கோப்பை அதிரும் சத்தந்தான் எங்களுக்குள் பேச்சு. அடுத்த வெள்ளி காலை, நான் கேட்காமலே, இரண்டு தட்டில் இடியப்பமும் சொதியும் வைத்தாள். நேர்த்தியை விடுவதுபற்றிக் கோயிலில் ஐயரிடம் ஒருமுறை கேட்டுவிடுவோமா என்று தயங்கிக் கேட்டேன்.

“ஐயருக்கும் எனக்கும் நடந்த பேச்சில்லையே. நான் முருகனோடை கதைச்சிட்டன். அவருக்கு முதலே தெரியும். இவ்வளவு காலமும் என்னைப் பட்டினி போட்டதுக்கு அவரும் வெக்கப்படுறார்.”

அன்று சாப்பிட்டு முடிந்ததும் தண்டனையைச் சொன்னாள். அவள் அப்பாவின் திவசத்துக்கு இனி நான்தான் சமைக்க வேண்டும். கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, பாயாசம் வரை எல்லாம். அவள் கதிரையில் இருந்து பார்ப்பாள். அந்த வருடம் தொடங்கி இன்றுவரை சமைக்கிறேன். முதல் வருடம் குழம்பு அடிப்பிடித்தது. “அப்பா உயிரோடை இருந்தால் இதைத் திண்டு செத்திருப்பார்,” என்றாள். மாமாவின் படத்துக்கு முன்னால் இலையை வைத்துவிட்டு நான் விழுந்து கும்பிட்டபோது அவள் சிரிக்கவில்லை. குனிந்து என் முதுகில் கை வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதமாட்டேன். அது அவள் சொல்லவேண்டியது, சொல்லவில்லை. என்னோடு இருக்கிறாள்.

கல்லின் கதை மிச்சம். திவசம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை சாமித்தட்டிலிருந்து அதை எடுத்து, குழாயில் இளஞ்சூட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பழைய பற்தூரிகையால் தேய்த்தாள். சந்தனம் மஞ்சளாகக் கரைந்து ஓடியது. கை துடைக்கும் துணியில் வைத்து என் முன்னால் கொண்டுவந்தாள். சிப்பியின் வரிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

“இது என்ன எண்டு இப்ப உண்மையைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். கடலின் அடி மலையின் உச்சியான கதையை, ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னேன். கறுத்த குன்றில் இறங்கி நடந்ததைச் சொன்னேன். நட்சத்திரக் குழியில் எலுமிச்சம்பழம் போட்டதையும், அது எந்த நாள் என்பதையும் சொன்னேன். அவள் கல்லைத் தடவிக்கொண்டே கேட்டாள். இவ்வளவு காலமும் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோசத்தை என் மனைவிக்குச் சொல்ல முடியாமல் நானே பூட்டி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

“கோழியைச் சொல்லாமல் இதை மட்டும் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்,” என்றாள். கல்லை மறுபடி தட்டிலேயே வைத்தாள். சந்தனம் இல்லாமல்.

அடுத்த வருடம் பனி முழுதும் போன பிறகு ஒரு நாள், “இந்த ஊர் மலையையும் பாத்திட்டு வருவம்,” என்று அவளே சொன்னாள். பஸ்ஸில் ஏறிப்போய், மரங்களுக்கு நடுவே நடந்து, நகரம் தெரியும் இடத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தோம். கீழே ஆறும் பாலங்களும் தெரிந்தன. ஆற்றுக்கு அப்பால் எங்கோ மகளின் வீடு. இந்த மலை, மேலே வரப் பார்த்த எரிகுழம்பு பூமிக்குள்ளேயே உறைந்து, சுற்றியிருந்த மண் தேய்ந்தபோது வெளிப்பட்டது என்று சொல்லத் தொடங்கினேன்.

“இதாவது உண்மையோ?”

“இது உண்மை.”

அவள் பையைத் திறந்து பிட்டும் சம்பலும் எடுத்தாள். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. இருவருக்கும் பங்கிட்டுவிட்டு, முதல் வாயைத் தான் எடுத்து மென்றாள். பிறகு பையைத் துழாவினாள்.

“தண்ணிப் போத்திலை மேசையிலை விட்டிட்டு வந்திட்டன். இஞ்சை வாங்கலாமோ, இல்லாட்டி நாலு நாள் நாக்கு ஒட்டிக் கிடக்கவேணுமோ?”

நான் சிரித்துக்கொண்டே எழுந்து தண்ணீர் வாங்கப் போனேன்.